சாவி யாரிடம்? தனியார் மண் அணை ஆய்வுச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

பொழுதுபோக்குக்காகத் தனியார் வைத்திருக்கும் சிறு ஏரிகளின் கரைகளை நேரில் ஆய்ந்து, உரிமைப் பத்திரங்களையும் உடன் படித்து, இரண்டையும் ஒரே அறிக்கையாகத் தரும் சேவை ஒன்றைச் சென்ற ஆண்டு பெற்றோம். நாங்கள் என்பது, ஓர் ஏரியைச் சுற்றி வீடு வைத்திருக்கும் 23 குடும்பங்களின் சங்கம். படகு விடவும் தூண்டில் போடவும் நீந்தவும் பயன்படும் அந்த ஏரியை ஒரு மண் கரை தாங்கி நிற்கிறது. அதன் உயரம் 7 மீட்டர், நீளம் ஏறத்தாழ 150 மீட்டர். ஏரி நிறைந்தால் சுமார் 40,000 கன மீட்டர் நீர் நிற்கும். அதைக் கட்டியவர் யார், எந்த ஆண்டில், எந்த மண்ணைக் கொண்டு என்பதற்கு எங்களிடம் ஒரு தாள்கூட இருக்கவில்லை. குறைகளையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

ஆய்வுக்கு மூன்று வாரம் முன்னதாக வந்த கடிதமே அவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்பதைக் காட்டியது. கரையின் இரு சரிவுகளிலும் புல்லை ஒட்ட வெட்டி வைக்க வேண்டும் என்றார்கள். ஏரி நிறைந்திருக்கும் காலத்திலேயே நாள் குறிக்க வேண்டும், நீர் இறங்கிக் கிடக்கும்போது கசிவு தன்னைக் காட்டாது என்றார்கள். மதகு வால்வின் சாவியை எடுத்து வர வேண்டும் என்பது மூன்றாவது வேண்டுகோள். முதல் இரண்டையும் எளிதாக நிறைவேற்றினோம். சாவி தங்களிடம் இருப்பதாகச் சங்கத்தில் நான்கு பேர் சொன்னார்கள். நான்கையும் கொண்டுவந்து போட்டுப் பார்த்ததில் ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் பூட்டை அறுத்துத்தான் எடுத்தோம். வந்திருந்த மூத்த பொறியாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்குச் சற்று வேடிக்கையாக இருந்தது. அறிக்கை வந்த பிறகு அந்த வேடிக்கை போய்விட்டது.

இரண்டு பொறியாளர்கள் ஒரு முழுப் பகலை எங்கள் கரையில் செலவிட்டார்கள். உச்சியில் ஒருமுறை நடந்து படம் எடுத்துக்கொண்டு போகிற வகை ஆய்வை நாங்கள் முன்பு ஒருமுறை வாங்கி ஏமாந்திருந்ததால், இவர்கள் சரிவில் மேலும் கீழுமாகக் குறுக்கே நடந்து, ஒவ்வோர் அடியிலும் மண்ணை மிதித்துப் பார்த்த விதம் எங்களுக்குப் புதிதாக இருந்தது. உள்சரிவில் அலை அரித்து ஏற்படுத்திய படியை அளந்தார்கள். உச்சியில் வாகனத் தடத்தால் குழிந்திருந்த இடத்தில் மட்டக்கருவி வைத்துப் பார்த்தபோது, கரையின் மற்ற பகுதிகளைவிட அந்த இடம் 35 செ.மீ. தாழ்ந்திருப்பது தெரிந்தது. வெள்ளம் கரைமீறிப் போகுமானால் முதலில் அந்தத் தாழ்விடத்தில்தான் போகும், போகும் நீர் அங்கேயே மண்ணை அறுத்துக்கொண்டு இறங்கும் என்று அவர்கள் விளக்கியதைக் கேட்கையில், அதே இடத்தில்தான் வார இறுதிகளில் படகு வண்டிகளை நிறுத்துகிறோம் என்பதை எங்களில் யாரும் சொல்லத் துணியவில்லை.

கசிவைப் பற்றி அவர்கள் சொன்னது இந்தச் சேவையிலேயே எங்களுக்கு மிகவும் பயன்பட்ட பகுதி. வெளிச்சரிவின் அடியில் ஒரு கோடு போட்டதைப் போலக் கோரை வளர்ந்திருந்தது. வண்டல் செழிப்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம். கசியாத மண் கரை இல்லை, ஆகவே கசிகிறதா என்று கேட்பதில் பயனில்லை, எவ்வளவு கசிகிறது, கூடுகிறதா, கலங்கலாக வருகிறதா என்பவையே கேள்விகள் என்று தொடங்கி, ஒரு கண்ணாடிக் குவளையில் அந்த நீரைப் பிடித்து வெயிலில் வைத்தார்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகும் அடியில் எதுவும் படியவில்லை. தெளிந்த நீர் வருகிறது என்றால் கரை வியர்க்கிறது என்று கொள்ளலாம்; கலங்கல் வருகிறது என்றால் கரை தன் உடலையே சிறிது சிறிதாக வெளியே அனுப்புகிறது என்று பொருள். துகள் துகளாக மண் வெளியேற வெளியேற, வெளிச்சரிவிலிருந்து ஏரியை நோக்கிப் பின்புறமாக ஒரு துளை வளர்கிறது. அது நீரைத் தொட்ட பிறகு மனிதர் செய்யக்கூடியது அதிகம் இல்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், அரசே கட்டிய டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தபோது, காலையில் கவனிக்கப்பட்ட கலங்கிய கசிவு நண்பகலுக்குள் அணையையே கொண்டுபோனது. எங்கள் கசிவை அளக்க ஆங்கில வி எழுத்தின் வடிவில் வெட்டிய தகடு ஒன்றைச் சிறு வாய்க்காலில் பதித்துக் கொடுத்தார்கள். அன்று நிமிடத்துக்கு 4 லிட்டர் இருந்தது. வாரம் ஒருமுறை அந்த அளவையும், ஏரியின் நீர்மட்டத்தையும், பெய்த மழையையும் ஒரே வரியில் எழுதி வரவேண்டும் என்றார்கள். நீர்மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினால் உடனே அழைக்கச் சொன்னார்கள். ஓராண்டாக எழுதி வருகிறோம். இந்த ஒரு பழக்கத்துக்காகவே கொடுத்த கட்டணம் தகும் என்பது என் கருத்து.

அடுத்து கலிங்கு, அதாவது ஏரி நிறைந்தபின் மிகுநீர் வெளியேறும் வழி. மீன்கள் வெளியேறிவிடாமல் இருக்க யாரோ ஒரு காலத்தில் அதன் குறுக்கே கம்பி வலை அடித்திருந்தார்கள், அதில் இலையும் கிளையும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. அதை அன்றே அகற்றச் சொன்னார்கள். தூண்டில் போடும் உறுப்பினர்கள் முணுமுணுத்தபோது இளைய பொறியாளர் ஒரு பழைய செய்தியைச் சொன்னார். பின்னர் நானும் அதைத் தேடிப் படித்தேன், படித்த பிறகு எங்கள் சங்கத்தின் கதையை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்ததைப் போல இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கால்வாய்க்கு நீர் தருவதற்காக அரசு கட்டிய சவுத் ஃபோர்க் மண் அணை, கால்வாயின் காலம் முடிந்த பிறகு கை மாறிக் கை மாறி, 1879-இல் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகம் ஒன்றிடம் வந்தது. இடையில் வைத்திருந்தவர் அடியிலிருந்த வெளியேற்றுக் குழாய்களைப் பழைய இரும்புக்கு விற்றிருந்தார். கழகம் அவற்றைத் திரும்பப் போடவில்லை. குதிரை வண்டிகள் செல்வதற்காக உச்சியைத் தாழ்த்தி அகலமாக்கியது. கலிங்கின் குறுக்கே மீன் வலை போட்டது. 1889 மே 31 அன்று பெருமழையில் நீர் கரைமீறிப் போய் அணை உடைந்து, கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தார்கள். 1880-லேயே, கீழ்ப்பகுதி இரும்பாலை அனுப்பிய பொறியாளர் ஒருவர் அணையைப் பார்த்துவிட்டு, நீரை இறக்க வழியே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். கழகம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆய்வறிக்கை வாங்குகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது: எழுதியவருக்கு அணையின் மீது அதிகாரம் இல்லை, அதிகாரம் இருந்தவர்கள் அந்த அறிக்கையைக் கேட்டவர்கள் இல்லை. வலை அன்று மாலையே கழற்றப்பட்டது.

கரைக்கு உள்ளே ஓடும் குழாயை ஒரு சிறு கேமராவை அனுப்பிப் பார்த்தார்கள். நெளி இரும்புத் தகட்டுக் குழாய்; அடிப்பகுதி துரு பிடித்து இரண்டு இடங்களில் ஓட்டை. இவ்வகைக் குழாய்கள் சில பத்தாண்டுகளில் அரித்துப் போகும், ஆனால் மேலே இருக்கும் கரை அதைவிட நீண்ட காலம் நிற்கும்படி எதிர்பார்க்கப்படுகிறது. அதனினும் மோசமான செய்தி, எங்கள் வால்வு வெளிமுனையில் இருந்தது. வால்வு மூடியிருக்கும்போது கரையின் வயிற்றுக்குள் இருக்கும் குழாய் முழுதும் ஏரியின் அழுத்தத்தில் இருக்கிறது, ஓட்டை வழியே நீர் கரைக்குள்ளேயே பீறிடும். உள்முனையில் வால்வு இருந்தால் இந்த அச்சம் பெரிதும் நீங்கும். பழைய குழாய்க்குள் புதுக் குழாயைச் செலுத்தி, இடைவெளியைச் சிமென்ட் குழம்பால் அடைத்து, வெளிமுனையைச் சுற்றி வடிகட்டி மணல் அமைக்கும் வேலையைப் பரிந்துரைத்தார்கள். வேலைக்கான தோராயச் செலவையும் மூன்று நிலைகளாகப் பிரித்துக் கொடுத்தது பாராட்டத்தக்கது.

மரங்கள் பற்றிய அறிவுரை எங்கள் சங்கத்தில் இன்றும் முடியாத சண்டை. கரைமேல் நிழல் தரும் மரங்களை வெட்டுவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன என்ற நம்பிக்கை சிற்றோடைக் கரைக்குப் பொருந்தலாம், நீரைத் தாங்கும் கரைக்குப் பொருந்தாது: புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு ஒரு பெருங்குழி விழும், மரம் செத்தால் உளுத்துப்போன வேர் நீருக்கு வழியாகும். ஆகவே பெரிய மரங்களை வெறுமனே வெட்டிவிட்டு அடிமரத்தை விட்டுவைப்பதும் தவறு என்று எழுதியிருந்தார்கள். வேரைத் தோண்டி எடுத்து, இறுக்கமாக மண் நிரப்ப வேண்டும், அதையும் பொறியாளர் கண்முன்னே செய்ய வேண்டும்.

இவ்வளவும் நல்ல பொறியியல் சேவை. என்னை இந்த மதிப்புரையை எழுத வைத்தது பத்திரங்களைப் பற்றிய பகுதி. பதினாறு பக்க இணைப்பில், ஒவ்வொரு பத்திரத்தின் எல்லையையும் கரையின் வரைபடத்தின் மேல் வண்ணக் கோடுகளாக வரைந்திருந்தார்கள். உச்சியும் உள்சரிவும் சங்கத்தின் பெயரில் இருந்தன. வெளிச்சரிவின் அடியில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளம் பக்கத்து நிலத்தாருடையது. கோரை வளர்ந்த இடமும், நாங்கள் தகடு பதித்த வாய்க்காலும் அவர் நிலத்தில் இருக்கின்றன. கலிங்கிலிருந்து போகும் நீர் மூன்றாவது ஒருவரின் நிலத்தைக் கடக்கிறது, அதற்கு எழுத்தில் எந்த வழியுரிமையும் இல்லை. மனைகளை முதலில் பிரித்து விற்ற நிறுவனம் நீர்மட்டத்தை ஏற்றவும் இறக்கவும் உள்ள உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பின்னர் கலைக்கப்பட்டுவிட்டது. எங்கள் 23 பத்திரங்களிலும் ஏரியைப் பயன்படுத்தும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. கரையைப் பராமரிக்கும் கடமை ஒன்றில்கூட எழுதப்படவில்லை. அனுபவிக்க 23 பேர், மண் அள்ளிப் போட ஒருவரும் இல்லை.

அதன் கீழே அறிக்கை சொல்கிற சட்டப் பின்னணி சுருக்கமாக இருந்தாலும் கூர்மையானது. இங்கிலாந்தில் ஓர் ஆலை உரிமையாளர் தகுதியுள்ள ஆட்களை அமர்த்தி நீர்த்தேக்கம் கட்டினார்; கட்டியவர்கள் அடியிலிருந்த பழைய சுரங்கக் குழிகளைச் சரியாக அடைக்காததால், 1860-இல் நீர் புகுந்து அண்டையிலிருந்த நிலக்கரிச் சுரங்கம் மூழ்கியது. உரிமையாளர் தம்மளவில் அலட்சியம் காட்டவில்லை என்று ஏற்கப்பட்டபோதும், 1868-இல், அந்நாளில் நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவரையே பொறுப்பாளி ஆக்கியது. ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் என்று சட்ட மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்த வழக்கின் விதி இன்று நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது, சில இடங்களில் கைவிடப்பட்டும் இருக்கிறது. எனினும் தேக்கிய நீருக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி எங்கு எழுந்தாலும் அந்த வழக்கு பேச்சில் வராமல் இருப்பதில்லை. பொறியாளரை அமர்த்திவிட்டோம், இனி நமக்குப் பொறுப்பில்லை என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் நிம்மதியாகச் சொன்னதற்கு இதைவிடச் சரியான மறுமொழி கிடைத்திருக்காது. சங்கத்தின் பெயரில் உரிமை இருப்பதால் தனி மனிதர்களுக்கு ஆபத்து இல்லை என்ற வாதத்தையும் அறிக்கை தொட்டிருந்தது. அது சட்டப்படி பல இடங்களில் உண்மைதான். ஜான்ஸ்டவுனில் வழக்குப் போட்டவர்களும் அந்தக் கழகத்திடமிருந்து எதையும் பெற முடியவில்லை. கழகத்திடம் பெரிதாகச் சொத்து இல்லை, உறுப்பினர்களின் செல்வம் தொடப்படவும் இல்லை. அந்தப் பாதுகாப்பை நினைத்து நிம்மதி அடைய என்னால் முடியவில்லை.

அரசின் கண் எந்த அளவில் விழுகிறது என்பதும் ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்தில் 1975-ஆம் ஆண்டின் நீர்த்தேக்கச் சட்டம் 25,000 கன மீட்டரை எல்லையாக வைத்து, அதற்கு மேற்பட்ட தேக்கங்களைத் தனியாருடையதானாலும் பதிவு செய்யச் சொல்கிறது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும், சில நிபந்தனைகளுடன் 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றையும் எடுத்துக்கொள்கிறது. எங்கள் கரையை ஒத்த ஒன்று முதல் சட்டத்துக்குள் வரும், இரண்டாவதற்குள் வராது. உடைந்தால் நீர் இரண்டு இடத்திலும் ஒரே வேகத்தில்தான் போகும்.

இனிக் குறைகள். அறிக்கை சொன்ன நாளுக்கு ஏழு வாரம் கழித்து வந்தது. அதற்குள் ஒரு மழைக்காலத்தின் பாதி முடிந்துவிட்டது. ஓட்டை விழுந்த குழாயை நேரில் பார்த்தவர்கள், முழு அறிக்கை முடியும்வரை காத்திராமல் அன்றே ஒரு பக்கக் குறிப்பை அனுப்பியிருக்க வேண்டும். இதை அவர்களிடம் சொன்னோம், ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. பழுது பார்க்கும்வரை நீர்மட்டத்தை ஒன்றரை மீட்டர் இறக்கி வைக்கச் சொன்னார்கள். எவ்வளவு மெதுவாக இறக்க வேண்டும் என்று எழுதவில்லை. எங்கள் ஆட்கள் வால்வை முழுதாகத் திறந்துவிடப் போனார்கள். நல்லவேளையாக, சங்கத்தில் நீர்ப்பாசனத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் ஓடி வந்து தடுத்தார். நீரில் ஊறிய உள்சரிவுக்கு வெளியே நிற்கும் நீரே ஒரு தாங்கல், அதைத் திடீரென்று எடுத்துவிட்டால் உள்ளே தங்கிய ஈரத்தின் கனம் தாளாமல் சரிவு ஏரிக்குள் வழுக்கி விழும் என்று அவர் விளக்கினார். தொலைபேசியில் கேட்டபோது நாளொன்றுக்கு 30 செ.மீ. தாண்டக் கூடாது என்று நிறுவனம் உடனே சொன்னது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு எழுதும்போது விட்டுவிடும் வகைப் பிழை இது, ஆனால் இந்த இடத்தில் விடக்கூடாத பிழை.

மூன்றாவது, கீழ்நிலத்தைப் பற்றியது. அணைகளை வகைப்படுத்தும்போது சொல்லப்படும் ஆபத்து நிலை, கரை நல்ல நிலையில் இருக்கிறதா என்பதைக் குறிப்பதில்லை. உடைந்தால் கீழே என்ன நேரும் என்பதையே குறிக்கிறது. எங்கள் கரைக்குக் குறைந்த ஆபத்து நிலை கொடுத்திருந்தார்கள். பயன்படுத்திய வரைபடம் பழையது. அதற்குப் பிறகு ஓடையின் ஓரமாகப் பல வீடுகளும் ஒரு சிறுவர் விடுதியும் வந்திருக்கின்றன. கரை ஓர் அங்குலம்கூட மாறாமலேயே ஓர் அணை பேராபத்து வகைக்குப் போய்விட முடியும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டொக்கோவாவில் இருந்த கெல்லி பார்ன்ஸ் மண் அணை ஒரு கல்லூரிக்கு மின்சாரம் தந்த காலம் போய், வெறும் பொழுதுபோக்கு ஏரியின் கரையாக 12 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. 1977 நவம்பர் 6 அன்று பின்னிரவில் அது உடைந்தபோது கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். இதை முன்னுரையில் அவர்களே மேற்கோளாகக் காட்டிவிட்டு, எங்கள் ஓடையின் ஓரம் ஒருமுறை நடந்து பார்க்காமல் போனது எனக்கு விளங்கவில்லை. நெருக்கடித் திட்டமும் அச்சடித்த படிவமாகவே வந்தது. அதில் ஓரிடத்தில் வேறோர் ஏரியின் பெயர் அழிபடாமல் இருந்தது.

இந்தச் சேவையைப் பெற நினைப்பவர்கள் கையெழுத்திடும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது: அவசரக் கண்டுபிடிப்புகள் எத்தனை நாளில் தெரிவிக்கப்படும், நீர் இறக்கும் வேகம் குறிப்பிடப்படுமா, கீழ்நிலம் நேரில் பார்க்கப்படுமா, பத்திர ஆய்வு உள்ளடங்குமா. நான்காவதைத் தனிக் கட்டணம் என்று சொன்னாலும் விடவேண்டாம். கரையின் நிலையை வேறு பல நிறுவனங்களும் நன்றாகவே பார்க்கும். கரை யாருடையது என்று பார்க்க முன்வந்தவர்களை நான் இவர்களைத் தவிர வேறு எங்கும் காணவில்லை. ஏரி வீடு வாங்கப் போகிறவர் ஒருவர் இந்த இணைப்பைப் போன்ற ஒன்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம்.

ஓராண்டுக்குப் பிறகு நிலைமை இது. குழாய் வேலை முடிந்தது, வால்வு உள்முனைக்கு மாறியது. பக்கத்து நிலத்தாருடன் பராமரிப்புக்கும் நுழைவுக்கும் பத்திரம் பதிவாகிவிட்டது. கலிங்கு வாய்க்காலின் வழியுரிமை இன்னும் பேச்சில் இருக்கிறது. 23 குடும்பங்களில் 19 பேர் பராமரிப்புக் கடமையைத் தங்கள் பத்திரங்களில் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள், நால்வர் மறுக்கிறார்கள், அவர்களுள் இருவர் மரங்களுக்காகச் சண்டை போடுபவர்கள். அடுத்த ஆய்வுக்கும் இதே நிறுவனத்தைத்தான் அழைத்திருக்கிறோம். கீழ்நிலத்தின் வெள்ள வரைபடத்தை மட்டும் வேறொருவரிடம் கொடுத்திருக்கிறோம். புதிய பூட்டுக்கு மூன்று சாவிகள், மூன்றும் யாரிடம் என்பது கரையில் உள்ள பலகையில் எழுதியிருக்கிறது.